பல்லாவரம்: விளிம்பூர் ஒன்றின் வரலாறும் மக்கள் வாழ்வும்

ஆய்வுச் சுருக்கம்

சென்னைக்குத் தெற்கே, ஜார்ஜ் கோட்டையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள பல்லாவரம் இன்று புறநகர் என்ற ஒற்றைச் சொல்லால் சுட்டப்படுகிறது. நகரம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பெயரும் ஆட்சிப் பிரிவும் பெற்றிருந்த ஓர் ஊர், நகரத்தின் புறம் என்று அறியப்படும் நிலைக்கு எவ்வாறு வந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஈமக்காடு, குடைவரை, ஏரி, படைமுகாம், தோல்தொழில், சந்தை, தமிழறிஞர் ஒருவரின் இல்லம் ஆகியவற்றை முன்வைத்து அவ்வூரின் சமூக வாழ்வு ஆராயப்படுகிறது. தொல்லியல் பாதுகாப்புச் சட்டத்திற்கும் அங்கு வாழும் மக்களுக்கும் இடையே எழுந்துள்ள சிக்கலும் கவனத்தில் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பல்லாவரம், புறநகர், வட்டார வரலாறு, ஈமச்சின்னம், ஏரி, சந்தை, தோல்தொழில், மறைமலையடிகள்.

முன்னுரை

தமிழில் எழுதப்பட்டுள்ள ஊர் வரலாறுகள் பெரும்பாலும் இரு வகையில் அடங்கும். ஒன்று கோயிலை நடுவாகக் கொண்ட தலவரலாறு. மற்றொன்று பேரரசின் தலைநகர்களையும் துறைமுகங்களையும் பற்றிய நகர வரலாறு. இவ்விரண்டிலும் இடம்பெறாத ஊர்கள் பல உள்ளன. பாதி கிராமமாகவும் பாதி நகரமாகவும் இருந்து, கோயிற்பெருமையும் தலைநகர்ப் பெருமையும் இல்லாமல், நகரத்திற்குத் தேவையான கல்லையும் தோலையும் ஆட்களையும் கொடுத்துவந்த ஊர்கள் அவை. பல்லாவரம் அத்தகைய ஊர்.

இங்கு விளிம்பூர் என்ற சொல் ஒரு வசதிக்காகப் பயன்படுத்தப்படுகிறது. புறநகர் என்னும் சொல்லுக்குள் நகரமே முதன்மை என்ற முடிவு ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. பல்லாவரத்தைப் பொறுத்தவரை அம்முடிவு காலமுறைப்படி பொருந்தாது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் நிலம் பெற்றது 1639ஆம் ஆண்டில். அதற்கு ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவ்வூரின் குன்றில் பல்லவ மன்னன் ஒருவனின் விருதுப்பெயர்கள் பொறிக்கப்பட்டுவிட்டன.

கல்லும் ஈமமும்

1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்துப் படை அணிவகுப்புத் திடலை ஒட்டிச் சரளைமண் தோண்டிய குழி ஒன்றில் கல்லாயுதம் ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலக் கருவி என்று இனங்கண்டு அறிவிக்கப்பட்ட முதல் பொருள் அதுவே. இந்திய வரலாற்றுக்கு முற்பட்ட காலம் பற்றிய ஆய்வு இக்குழியிலிருந்துதான் தொடங்கியது எனலாம். அதே ஆண்டின் செப்டம்பரில் ஃபூட்டும் அவருடைய உடன் பணியாளர் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டனர். அத்திரம்பாக்கம் பின்னர் விரிவான அகழாய்வு பெற்றது. அங்குள்ள கருவிகளின் காலம் 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டது என்ற முடிவு 2011இல் வெளியாகி உலகக் கவனத்தை ஈர்த்தது. பல்லாவரத்தின் குழிக்கு அந்த நல்வாய்ப்புக் கிட்டவில்லை. பாடநூல்களில் ஊர்ப்பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. இடத்தின் மீது ஊர் வளர்ந்துவிட்டது.

 சாலைக்கும் கட்டடத்திற்கும் சரளை தோண்டப்பட்டதாலேயே அக்கருவி வெளிப்பட்டது. பல்லாவரத்தின் பழமை பெரும்பாலும் இவ்வாறே, வேறொரு தேவைக்காக நிலம் கிளறப்பட்டபோது வெளிவந்திருக்கிறது.

கற்கருவிக்கு அடுத்த நிலையில் வைத்து நோக்கத்தக்கவை பெருங்கற்கால ஈமச்சின்னங்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அலெக்சாண்டர் ரீ இப்பகுதிக் குன்றுச் சரிவுகளில் சுடுமண் ஈமப்பேழைகளை வெளிப்படுத்தினார். சிறு கால்கள் பல கொண்டு தொட்டி போன்ற வடிவில் அமைந்த இப்பேழைகள் தொண்டைமண்டலத்து இரும்புக்காலப் பண்பாட்டின் தனி அடையாளமாகக் கருதப்படுகின்றன. இறந்தோரைக் குடியிருப்பிற்கு வெளியே, பயிர் விளையாத கரட்டு நிலத்தில் வைப்பது அக்கால வழக்கம். ஆகவே ஈமச்சின்னம் இருக்கும் இடத்திற்கு அருகில் வாழ்விடமும் நீர்நிலையும் வயலும் இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். அவ்வாழ்விடம் எது என்பதைவிட, ஈமக்காடு இன்று எவ்வாறு வாழ்விடமாகிவிட்டது என்பதே பல்லாவரத்தில் சிக்கலான கேள்வி. அதனைப் பின்னர்க் காண்போம்.

குன்றின் கல்லைப் பற்றியும் ஒரு செய்தி. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் காணப்படும் கருநீலச் சாயல் கொண்ட கடினப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவின் தூய யோவான் ஆலய வளாகத்தில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறை என்பதைக் கண்ட நிலவியலறிஞர் தாமஸ் ஹாலந்து, 1893இல் அவர் பெயராலேயே இதனை அழைத்தார். இப்பாறை பின்னர் உலகின் பல பகுதிகளில் கண்டறியப்பட்டது; பெயரிடப்பட்ட மூல இடம் இதுவாதலால் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை இதனைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது. கொல்கத்தாவில் புதைக்கப்பட்ட ஒருவரின் பெயரைச் சென்னைக் குன்றின் பாறை தாங்கி நிற்பது விந்தையே. அப்பாறையை உடைத்தே திரிசூலம், பல்லாவரம் பகுதிகளில் கல்குவாரித் தொழில் நடைபெற்றது. இன்று தொடர்வண்டியில் செல்வோர் காணும் வெட்டுண்ட மலைமுகங்கள் அத்தொழிலின் எச்சங்களாகும்.

பல்லவபுரம்

பல்லவபுரம் என்பதே பல்லாவரம் என மருவியது. புரம் என்னும் ஈறு வரம் எனத் திரிவதற்குக் காஞ்சிபுரம் ஆங்கிலேயர் வாயில் கஞ்சிவரம் ஆனதை ஒப்புநோக்கலாம். ஊர்க் குன்றில் ஐந்து கருவறைகளைக் கொண்ட குடைவரை ஒன்று உள்ளது. இது முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது, அதாவது கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியைச் சேர்ந்தது. அவனுடைய விருதுப்பெயர்கள் பல்லவ கிரந்த எழுத்தில் இங்குப் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் வடமொழிப் பெயர்களோடு தெலுங்குச் சாயல் கொண்ட பெயர்களும் கலந்து வருகின்றன.

இக்குடைவரை இன்று இஸ்லாமிய வழிபாட்டிடமாக, தர்காவாக விளங்குகிறது. தூண்கள் வண்ணம் பூசப்பட்டுள்ளன. முன்புறம் பிற்காலக் கட்டுமானம் சேர்ந்துள்ளது. இதனைச் சிதைவு என்று கருதும் போக்கு சில எழுத்துகளில் உண்டு. அக்கருத்தை முழுமையாக ஏற்பதற்கில்லை. தொண்டைமண்டலத்தில் வழிபாடின்றிக் கைவிடப்பட்ட பழஞ்சின்னங்கள் பல புதர் மண்டியும் கல்லுடைப்போர் கையில் அகப்பட்டும் அழிந்துள்ளன. பல்லாவரத்துக் குன்றைச் சுற்றியும் கல்லுடைக்கப்பட்டது. அந்நிலையிலும் குடைவரை எஞ்சி நிற்பதற்கு, அங்கு நாள்தோறும் விளக்கேற்ற ஆள் இருந்தது ஒரு காரணமாதல் கூடும். வண்ணப்பூச்சு கல்வெட்டு வாசிப்பைக் கடினமாக்குகிறது என்பதும் உண்மையே. இரண்டையும் ஒருசேரச் சொல்வதே முறை.

சோழர் காலத்தில் இவ்வூரின் நிலை பற்றி அறியப் பெரிதும் உதவுவன அருகிலுள்ள திரிசூலம் கோயில் கல்வெட்டுகள். அவற்றில் ஊர்ப்பெயர் திருச்சுரம் என்று வருகிறது. பல்லவபுரமான வானவன்மாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்று பல்லாவரம் குறிக்கப்படுகிறது. ஜெயங்கொண்ட சோழமண்டலத்துப் புலியூர்க் கோட்டத்தில் சுரத்தூர் நாட்டைச் சார்ந்ததாக இப்பகுதி அமைந்திருந்தது. மண்டலம், கோட்டம், நாடு, ஊர் என்ற இந்த அடுக்கில் எந்த நகரத்துக்கும் இது புறமாக இல்லை. பல்லவனின் பெயரை அழிக்காமல், அதனோடு சோழ அரசியின் பெயரைச் சேர்த்து வழங்கினர். மக்கள் நாவில் நின்றதோ பழைய பெயரே. அரசு வைத்த பெயர் ஓலையிலும் கல்லிலும் தங்க, வழக்குப் பெயர் ஊரில் தங்கிய இந்நிலை தமிழக ஊர்கள் பலவற்றிற்கும் பொதுவானது.

படைமுகாமும் நான்கு பல்லாவரங்களும்

இன்று பல்லாவரம் என்பது ஓர் ஊரன்று. பழைய பல்லாவரம், ஜமீன் பல்லாவரம், ஈசா பல்லாவரம், கண்டோன்மெண்ட் பல்லாவரம் என நான்கு பெயர்கள் வழக்கில் உள்ளன. நிலத்தின் உடைமை வரலாறே இப்பெயர்களில் படிந்திருக்கிறது. கம்பெனியின் படை பரங்கிமலையில் பீரங்கிப் பிரிவையும், அதனை ஒட்டிய பல்லாவரத்தில் பிற படைப்பிரிவுகளையும் நிறுத்தியது. நோய்க்கும் நெரிசலுக்கும் இடமாக இருந்த கோட்டைப் பகுதியைவிடக் குன்றும் திறந்த வெளியும் கொண்ட இவ்விடம் படைக்கு ஏற்றதாகக் கருதப்பட்டது. ஓய்வுபெற்ற வீரர்கள் குடியமர்ந்ததை நினைவூட்டும் வெட்டரன் லைன்ஸ் என்ற தெருப்பெயர் இன்றும் உள்ளது. படையையும் பின்னர் இரயில்வேயையும் சார்ந்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இங்கு வாழ்ந்தன.

படைமுகாம் ஊருக்குள் ஒரு கோட்டைக் கிழித்தது. தெருவின் ஒரு பக்கம் கண்டோன்மெண்ட் வாரியத்தின் ஆட்சி, மறுபக்கம் உள்ளாட்சி. வீட்டுவரி, குப்பை, குடிநீர், கட்டட அனுமதி ஆகிய ஒவ்வொன்றும் கோட்டின் இருபுறமும் வேறுவேறு அலுவலகத்தைச் சார்ந்தவை. பல்லாவரம் நகராட்சி 2011 கணக்கெடுப்பில் 2 இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்டிருந்தது. 2021இல் அது தாம்பரம் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. கண்டோன்மெண்ட் அவ்வாறே ஒன்றிய அரசின் கீழ் நின்றது. ஆக, நான்கு பெயர் கொண்ட ஊருக்கு ஒரே ஆட்சி எந்நாளும் வாய்த்ததில்லை.

தோல்

குரோம்பேட்டை என்னும் பெயர் குரோம் லெதர் நிறுவனத்தால் வந்தது என்பது பலரும் அறிந்த செய்தி. அதற்கு முந்தைய செய்தியே இங்குப் பொருட்படுத்தத்தக்கது. தமிழகத்தில் தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பயன்பட்டன. ஒரு தோல் பதமாக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறையைச் சோதித்தார். அவருடைய நோக்கங்களுள் ஒன்று கிணற்றிலிருந்து மாடு கட்டி நீர் இறைக்கும் கவலைக்குத் தோற்சால் செய்வதாகும். நீரிலேயே கிடக்கும் சாலுக்கு எளிதில் அழுகாத தோல் தேவைப்பட்டது. உழவனின் கிணற்றுக்காகத் தொடங்கிய சோதனை பிறகு தனியார் தொழிலாயிற்று. பல்லாவரத்திற்குத் தெற்கே நிறுவனம் எழுந்தது. அதன் பெயரில் இரயில் நிலையமும் குடியிருப்பும் உண்டாயின.

பம்மல், நாகல்கேணிப் பகுதிகளில் தோல் பதனிடும் கூடங்கள் பெருகின. ஊருக்குப் புறத்தே இருக்க வேண்டிய தொழில் என்று சாதியச் சமூகம் ஒதுக்கிய இவ்வேலை, நாற்றமும் கழிவும் தரும் தொழில் என்று நகரம் ஒதுக்கியதால் விளிம்பூருக்கு வந்தது. ஒதுக்கலின் காரணம் மாறினும், ஒதுக்கப்பட்டோர் பெரும்பாலும் அவர்களே. தமிழகத் தோல் வணிகத்தில் முஸ்லிம் வணிகர்களும், பதனிடும் கடும் உழைப்பில் ஒடுக்கப்பட்ட சமூகத்தினரும் முதன்மையாக ஈடுபட்டனர். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்று வேலை செய்வோரின் கைகால்களில் அத்தொழில் எழுதிய வரலாறு எந்த ஆவணத்திலும் முழுமையாக இல்லை.

நிலத்தடி நீர் கெட்டது பின்விளைவு. உப்பும் குரோமியமும் கலந்த கழிவு கிணறுகளை எட்டியது. தோல்கழிவு தொடர்பாகத் தமிழகம் முழுவதற்கும் வழிகாட்டிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் வந்தது. 1990களிலேயே பல்லாவரம் பகுதிக் கூடங்களுக்கெனப் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. கவலைச் சாலுக்காக உருவான முறை, அதே ஊர்க் கிணற்றின் நீரைக் குடிக்க இயலாததாக்கியதைத் தற்செயல் என்று கடந்துவிட முடியவில்லை.

பழைய பல்லாவரத்து ஏரி

கிணற்றுக்கு முன்பிருந்தே ஊரின் நீர்வளம் ஏரியைச் சார்ந்தது. பல்லாவரம் பெரிய ஏரி தனித்த குளமன்று. இங்கு நிரம்பிய நீர் கீழ்க்கட்டளை ஏரிக்கும், அங்கிருந்து நாராயணபுரம் ஏரிக்கும், முடிவில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திற்கும் செல்லும் தொடர் அமைப்பு இது. ஒவ்வோர் ஏரியின் கலங்கலும் அடுத்த ஏரியின் வரத்து. தொண்டைமண்டலத்தில் பேராறு குறைவு. ஆகையால் மழைநீரைப் படிப்படியாகத் தேக்கி நகர்த்தும் இம்முறையே வேளாண்மையைத் தாங்கியது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என ஒரு தனிக்குழு குறிக்கப்படுவதும் இந்த இன்றியமையாமையால்தான்.

வயல்கள் வீட்டுமனைகளானபோது ஏரிக்குப் பாசனப் பயன் இல்லாது போயிற்று. பயனற்ற நீர்நிலை வெற்றுநிலமாகத் தோன்றியது. துரைப்பாக்கம் – பல்லாவரம் 200 அடிச் சாலை ஏரியின் ஊடே சென்று அதனைப் பிளந்தது. ஒரு பகுதியில் பல ஆண்டுகள் குப்பை கொட்டப்பட்டது. பின்னர்க் குப்பை அகற்றும் பணிகளும் கரை சீரமைப்பும் நடைபெற்றன. தொடரின் கடைசியில் உள்ள பள்ளிக்கரணை 2022இல் ராம்சர் நிலமாக அறிவிக்கப்பட்டுப் பன்னாட்டு மதிப்புப் பெற்றது. அதற்கு நீர் தரும் மேலேரிகள் அவ்வறிவிப்பின் எல்லைக்குள் இல்லை. வாலுக்குக் காவல் வைத்துத் தலையை விட்டுவிட்டது போன்ற நிலை இது.

சாவடித் தெருவில் ஒரு தமிழ்மனை

சுவாமி வேதாசலம் என்று அறியப்பட்ட மறைமலையடிகள், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1898 முதல் 1911 வரை தமிழாசிரியராகப் பணியாற்றியபின் பல்லாவரத்தில் குடியேறினார். பல்கலைக்கழகப் பாடத்தில் தமிழ் கட்டாயம் என்ற நிலை நீங்கியதே அவர் பணியிலிருந்து விலகக் காரணம். நகரின் கல்வி அமைப்பு தமிழை விருப்பப் பாடமாக ஒதுக்கியபோது, தமிழாசிரியர் நகரின் விளிம்பிற்கு வந்தார். இங்கிருந்தே அவருடைய சமரச சன்மார்க்க நிலையம் இயங்கிற்று, ஞானசாகரம் வெளிவந்தது, அச்சகமும் நூலகமும் உருவாயின. 1916இல் தனித்தமிழ் இயக்கம் தோன்றியபின் நிலையம் பொதுநிலைக் கழகமாயிற்று, ஞானசாகரம் அறிவுக்கடலாயிற்று. 1950இல் மறையும்வரை இவ்வூரே அவருக்கு வாழிடம். அவருடைய நூல்தொகுப்பு 1958இல் சென்னையில் மறைமலையடிகள் நூலகமாகத் திறக்கப்பட்டது.

நிலம் மலிவாகவும் சூழல் அமைதியாகவும் இருந்த ஊர், அதே நேரத்தில் இரயில் ஏறினால் நகரத்தை அடையக்கூடிய ஊர்: இந்த இரட்டை இயல்பே அறிஞர் ஒருவருக்கு ஏற்றதாயிற்று எனலாம். 1931இல் சென்னைக் கடற்கரை – தாம்பரம் தடத்தில் மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியதும் அலுவலர் குடும்பங்கள் பலவற்றிற்கும் இதே வசதி கிட்டியது. விளிம்பூர் புறநகராக மாறிய திருப்புமுனை இரயில் மின்மயமானதே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இவ்விடத்தில் ஒன்றைக் கூறாமல் இருக்க இயலவில்லை. பிறமொழிக் கலப்பை விலக்க வேண்டும் என்ற இயக்கம் வளர்ந்த ஊரைச் சுற்றி வழங்கும் பெயர்கள் ஜமீன், ஈசா, கண்டோன்மெண்ட், குரோம்பேட்டை என்பன. குன்றின் மேல் மகேந்திரவர்மனின் பன்மொழி விருதுப்பெயர்கள். அடிகளாரின் நாட்குறிப்புகளோ ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. இதனால் அவருடைய கொள்கைக்கு இழுக்கில்லை. எத்தகைய மொழிச் சூழலுக்கு நடுவில் அமர்ந்து அக்கொள்கையை அவர் வகுத்தார் என்பது இதனால் தெளிவாகிறது.

வெள்ளிக்கிழமைச் சந்தை

பல்லாவரத்தின் சமூக வாழ்வை ஒரே நாளில் காண விரும்புவோர் வெள்ளிக்கிழமை செல்ல வேண்டும். பழைய டிரங்க் சாலையில் காலை முதல் மாலை வரை கூடும் சந்தை அன்று ஊரின் நடையையே மாற்றிவிடுகிறது. தொடக்கத்தில் இது மாட்டுச் சந்தை. உழவு மாடு, கறவை மாடு, அவற்றிற்கான தும்பு, மூக்கணாங்கயிறு, மணி ஆகியன விற்ற இடம். துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசும் பழைய முறை தமிழகத்து மாட்டுச் சந்தைகளுக்குப் பொதுவானது. வயல் மறைந்தது, மாடு மறைந்தது. சந்தை மறையவில்லை. சந்தைக்கு உயிர் கொடுத்தது பண்டமன்று, கிழமை என்றே கருத வேண்டியிருக்கிறது.

இன்று அங்கு விற்காத பொருளை எண்ணுவதே எளிது. நாற்றுச் செடி, வண்ண மீன், புறா, துணி, காய்கறி ஒருபுறம். மறுபுறம் தார்ப்பாய் விரித்துக் கொட்டிய பழம்பொருள்கள்: ஸ்பேனர், துளைக் கருவி, மிக்ஸி ஜார், ரிமோட், மின்விசிறி மோட்டார், ஒற்றைப் பூட்டு, சாவியில்லாத பூட்டு, பூட்டில்லாத சாவி. காயலான் கடைக்கு எடைக்குப் போக வேண்டியவை இங்கு ஒருமுறை நிறுத்தப்பட்டு, எடைக்கு மேல் விலை கேட்கப்படுகின்றன. புதிய மிக்ஸி வாங்கும் வசதியற்ற குடும்பம் ஒரு ஜாரை மட்டும் வாங்கிச் செல்கிறது. மின்பணியாளர்களும் மெக்கானிக்குகளும் தொழிலுக்கான கருவிகளை இங்கிருந்தே தேர்கின்றனர். பழம்பொருள் திரட்டுவோர் கார்களில் வந்து பித்தளைக் கூஜாவையும் பழைய வானொலிப் பெட்டியையும் தேடுவதும் உண்டு. ஒரே பொருளை ஒருவர் தேவைக்கும் மற்றொருவர் அழகுக்கும் வாங்குவதால் விலையில் வியப்பான வேறுபாடு ஏற்படுகிறது. விற்போர் வாங்குபவரின் செருப்பைப் பார்த்தே விலை சொல்வதாகக் களப்பணியின்போது ஒரு வணிகர் நகைத்துக்கொண்டு கூறினார்.

திருட்டுப் பொருள் விற்கும் இடம் என்ற பேச்சு இச்சந்தையைப் பற்றி நெடுநாளாக உள்ளது. பழம்பொருள் விற்கும் எளியோர் எல்லாரையும் ஐயத்தோடு நோக்கும் மனப்பான்மை இப்பேச்சில் வெளிப்படுகிறது. அதே வேளையில் கிளி போன்ற காட்டுப் பறவைகளை விற்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் மறுப்பதற்கில்லை. சந்தையை ஒழுங்குபடுத்துவதற்கும் அப்புறப்படுத்துவதற்கும் வேறுபாடு உண்டு. போக்குவரத்து நெரிசலைக் காட்டி அதனை அகற்றக் கோருவோர், சந்தை அந்தச் சாலையில் முதலில் வந்ததா, வாகனங்கள் முதலில் வந்தனவா என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

இறந்தோர் நிலமும் இருப்போர் வீடும்

இனி முன்னர் நிறுத்திய கேள்விக்கு வருவோம். ஜமீன் பல்லாவரம், பழைய பல்லாவரம் பகுதிகளிலுள்ள பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. 1958ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு 2010இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானம் தடைசெய்யப்பட்டுள்ளது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை முன் அனுமதி பெற்றே கட்ட இயலும். இத்தொலைவுக்குள் பல தெருக்கள் உள்ளன. திருத்தம் வருமுன்பே மனை வாங்கி வீடு கட்டியோர் மாடி எழுப்பவோ, பாகம் பிரித்துப் பிள்ளைகளுக்கு வீடு கட்டவோ முடியாமல் தவிக்கின்றனர். அனுமதியில்லாத மனைக்கு வங்கிக் கடன் கிடைப்பதும் அரிது. விமான நிலையத்தை ஒட்டிய உயரக் கட்டுப்பாடும் கண்டோன்மெண்ட் விதிகளும் வேறு உள்ளன.

கோயிலோ கோட்டையோ பாதுகாக்கப்படும்போது அண்டை வீட்டார் தாம் எதற்காகக் கட்டுப்படுகிறோம் என்பதைக் கண்ணால் காண்கின்றனர். ஈமச்சின்னத்திற்கு அத்தகைய தோற்றமில்லை. மண்ணுக்குள் இருப்பது வெளியில் தெரிவதில்லை. பேழைகள் எழும்பூர் அருங்காட்சியகத்திற்குச் சென்றுவிட்டன. எனவே தம் ஊரின் மூவாயிரமாண்டுப் பழமை அம்மக்களுக்கு ஓர் அறிவிப்புப் பலகையாகவும் அலுவலக அறிவிக்கையாகவுமே அறிமுகமாகிறது. பழமையின் மீது வெறுப்புக் கொள்ளுமாறு ஒரு சமூகத்தைப் பழக்கிவிட்டு, பின்னர் அதே சமூகத்திடம் பாதுகாப்பை எதிர்பார்ப்பது பயன் தராது.

சட்டத்தைத் தளர்த்தினால் எஞ்சிய சின்னங்களும் அழியும் என்ற தொல்லியலாளரின் அச்சம் பொய்யன்று. குவாரிகளாலும் மனைப்பிரிவுகளாலும் அழிந்தவை மிகுதி. ஆனால் எந்தத் தெருவின் கீழ் எச்சம் உள்ளது, எதன் கீழ் இல்லை என்பதை நுண்ணாய்வு செய்து இடத்திற்கேற்ற விதிகளை வகுப்பதற்கு அதே சட்டத் திருத்தத்திலேயே வழி இருக்கிறது. ஒவ்வொரு சின்னத்திற்கும் தனித்தனியே துணைவிதிகள் ஆக்க வேண்டும் என்று அது கூறுகிறது. எங்கும் ஒரே 100 மீட்டர் என்ற அளவு, கல்வட்டத்தையும் பெருங்கோயிலையும் ஒன்றாகக் கொள்கிறது.

குடைவரையில் வழிபாடும் பழமையும் பூசலின்றி ஒரே கூரையின் கீழ் இருப்பதை மேலே கண்டோம். ஈமச்சின்னப் பகுதியில் அது நிகழாததற்குக் காரணம், அங்கு வாழ்வோரிடம் எவரும் அவ்விடத்தைப் பற்றிப் பேசாததே. களப்பணியில் சந்தித்த முதியவர் ஒருவர் தம் வீட்டுக் கடைக்கால் தோண்டியபோது பானை ஓடுகள் வந்ததாகவும், அச்சத்தால் அவற்றை அப்படியே மூடிவிட்டதாகவும் கூறினார். ஓடுகளைப் பற்றிய அச்சமா என்று கேட்டதற்கு, இல்லை, வீட்டை நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சம் என்றார்.